சுரங்க இரயிலுக்கு மின்சாரம் வருவது தலைக்கு மேலா, காலடியிலா?

கிள்ளான் நிலையத்தில் கொமுட்டருக்காக நிற்கும்போது அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரியும். அதில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதே இரயிலில் கேஎல் சென்ட்ரல் போய் இறங்கி, நடைபாதை வழியாக மூசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்துக்குப் போனால், அங்கே சுரங்கத்துக்குள் மேலே கம்பியே கிடையாது. இரயில் ஓடும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் போடப்பட்ட மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறது எம்ஆர்டி.

சென்னை மெட்ரோவின் சுரங்கப் பகுதியில் பயணம் செய்த நம்மவர்கள் இந்த இரண்டிலும் சேராத ஒரு முறையில் போயிருக்கிறார்கள். மேடைக் கதவுகள் மறைப்பதால் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அங்கே மேம்பாலத்தில் வழக்கமான கம்பிதான். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கம்பிக்குப் பதிலாகக் கூரையில் பொருத்திய அலுமினியச் சட்டம் வந்துவிடுகிறது. மின்சாரம் அதே 25,000 வோல்ட்.

காரணம் இடநெருக்கடி. நாம் கிள்ளானில் பார்ப்பது ஒரே கம்பி அல்ல. மேலே ஒரு தாங்கு கம்பி வளைந்து தொங்கும். அதிலிருந்து சிறு கம்பிகளால் கட்டித் தொங்கவிட்டதுதான் கீழே நேராகப் போகும் தொடு கம்பி. இரண்டையும் விறைப்பாக இழுத்துப் பிடிக்கப் பாரமான எடைகள் தொங்குகின்றன. இத்தனைக்கும் மேலும் கீழும் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம் வேண்டும். இரயிலின் கூரைமேல் இருக்கும் மடக்குக் கை, அதாவது பாண்டோகிராப், கம்பியை உரசும்போது கம்பி மேலே எழும்பும். அதற்கும் இடம் விட வேண்டும். போதாததற்கு 25,000 வோல்ட் மின்சாரம் காற்றைத் தாண்டிச் சுவருக்குப் பாயாமல் இருக்க, ஐரோப்பியத் தரநிலைப்படி சுமார் 27 சென்டிமீட்டர் இடைவெளி தேவை.

அலுமினியச் சட்டத்தின் உயரமோ ஒரு சாணுக்கும் குறைவு. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளத் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, அடிப்பக்கத்து இடுக்கில் செம்புத் தொடு கம்பியைச் செருகிவிடுகிறார்கள். தாங்கு கம்பியும் எடைகளும் தேவையில்லை. விறைப்பாக இழுக்காததால் கம்பி அறுந்து விழும் பயமும் இல்லை. கம்பி அறுந்து இரயில் நின்று, வேலைக்குத் தாமதமாகப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். பதிலுக்குத் தாங்கிகள் மிக நெருக்கமாக வேண்டும். திறந்தவெளியில் ஐம்பது, அறுபது மீட்டருக்கு ஒரு கம்பம் போதும். சட்டத்துக்குப் பத்து மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் கூரையில் துளையிட்டாக வேண்டும்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1895லேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரச் சுரங்கத்தில் தலைக்கு மேல் இரும்புச் சட்டம் போட்டு மின்சார இரயில் ஓட்டினார்கள். சில ஆண்டுகளில் கைவிட்டுத் தரைக்கு மாறினார்கள். இந்தியாவில் 2004இல் டெல்லி மெட்ரோவின் சுரங்கத்தில் வந்தது. 2017 மே மாதம் சென்னையில் முதல் சுரங்கத் தடம் திறக்கப்பட்டபோது அங்கும் வந்தது.

இம்முறை அதிகம் கைகொடுப்பது பழைய சுரங்கங்களுக்கு. பாடாங் ரெங்காசுக்கும் தைப்பிங்குக்கும் இடையில் பிரிட்டிஷ் காலத்து ஒற்றைத் தடச் சுரங்கங்கள் உண்டு. மலாயா இரயில் தடங்களில் உழைத்த தமிழர்கள் ஏராளம் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. இரட்டைத் தடமும் மின்சாரமும் வந்தபோது அந்தச் சுரங்கங்களை விட்டுவிட்டு, புக்கிட் பெராப்பிட்டில் 3.3 கிலோமீட்டருக்குப் புதிதாகக் குடைந்தார்கள். பிரிட்டனில் 1886இல் திறந்த செவர்ன் சுரங்கம் ஆற்று முகத்துவாரத்துக்கு அடியில் 7 கிலோமீட்டர் போகிறது. அங்கே புதிதாகக் குடைவது லேசுப்பட்ட காரியமா? அலுமினியச் சட்டத்தைத்தான் போட்டார்கள். ஆனால் உப்பு ஈரம் விடவில்லை. அலுமினியமும் செம்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். போட்டதை மாற்றிய பிறகே, 2020 ஜூனில் மின்சார இரயில் ஓடியது.

அப்படியானால் கோலாலம்பூரில் ஏன் மூன்றாவது தண்டவாளம்? மேலே எதுவுமே இல்லாததால் சுரங்கத்தை இன்னும் சிறிதாகக் குடையலாம். ஆனால் 750 வோல்ட்டில் அதே சக்தியைக் கொடுக்க, 25,000 வோல்ட்டைவிட 33 மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதனால் வழிநெடுக மின் துணை நிலையங்களை நெருக்கமாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு வேறுபாடு நேரடியாகப் பயணிகளைத் தொடுகிறது. 2021 மே 24ஆம் தேதி கேஎல்சிசி அருகே கிளானா ஜெயா தடச் சுரங்கத்தில் இரண்டு எல்ஆர்டி இரயில்கள் மோதி 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதற்கு மின்சாரம் காரணமல்ல. ஆனால் அப்படி ஓர் இரவில் பயணிகளைச் சுரங்கத்துக்குள் இறக்கி நடத்திக் கூட்டிப்போக வேண்டுமானால், மின்சாரம் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சென்னையில் அது தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில். நம் எம்ஆர்டி, எல்ஆர்டி தடங்களில் அது காலடி உயரத்தில், மூடி போட்டு இருக்கிறது. அதனால் கட்டுப்பாட்டு அறை மின்சாரத்தைத் துண்டித்த பிறகே இறங்கச் சொல்வார்கள். இரயில் சுரங்கத்தில் நின்றுவிட்டால், அறிவிப்பு வரும்வரை கதவைத் திறந்து தடத்தில் இறங்க வேண்டாம்.