சூரியனை நடுவில் வைத்த அரிஸ்டார்க்கஸ்

அரைச் சந்திரனைக் கண்டு மகிழ்வோர் பலர். அக்காட்சியைக் கொண்டே சூரியனின் தொலைவை அளக்கத் துணிந்தார் ஒருவர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், சாமோஸ் தீவினரான அரிஸ்டார்க்கஸ் என்னும் கிரேக்க அறிஞர்.

இத்துணிவுக்கு முன்னோர் வழிவகுத்திருந்தனர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், மிலேத்தஸ் நகரத்துத் தேலிஸ், உலகப் பொருள்கள் யாவற்றுக்கும் மூலம் நீரே என்றார். அவரையடுத்து வந்த அனக்சிமாந்தர் அதனை ஏற்றிலர். எல்லையற்றதொன்றே மூலம் என்றார். இவ்விரு முடிபுகளும் இன்று நிலைக்கவில்லை. ஆயினும், மூத்தோர் கூற்றையும் காரணங் கேட்டு ஆராயும் வழக்கம் அங்கு வேரூன்றியது. நிலத்தை அளப்பதில் எகிப்தியரும், வான நிகழ்ச்சிகளைக் குறித்துவைப்பதில் பாபிலோனியரும் முன்னரே தேர்ந்திருந்தனர். கிரேக்கரோ நிறுவிக் காட்டும் முறையை வளர்த்தனர். கி.மு. 300 அளவில் யூக்கிளிட் இயற்றிய 13 பகுதிகள் கொண்ட கேத்திரகணித நூல் அம்முறைக்குச் சிறந்த சான்றாகும்.

அக்கேத்திரகணிதத்தை அரிஸ்டார்க்கஸ் வானத்துக்குக் கொண்டு சென்றார். சந்திரன் சரிபாதி ஒளியுடன் தோன்றும்போது, பூமி, சந்திரன், சூரியன் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூலைகளாகின்றன. அதன் செங்கோணம் சந்திரனில் அமைகின்றது. பூமியிலிருந்து நோக்குங்கால் சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள கோணம் தெரிந்தால், முக்கோணத்தின் வடிவம் முழுவதும் தெரிந்துவிடும். அக்கோணத்தை அவர் 87 பாகை எனக் கொண்டார். ஆதலின், சூரியன் சந்திரனைப்போல 18 முதல் 20 மடங்கு தொலைவிலுள்ளது என முடிவு செய்தார். உண்மையில் அக்கோணம் 90 பாகையினும் சற்றே குறைவு. தொலைவு ஏறக்குறைய 390 மடங்கு. அளவு பிழைத்தது, வழி பிழைக்கவில்லை.

சூரியன் பூமியினும் மிகப் பெரிது என்பதும் அவர் கணக்கில் வெளிப்பட்டது. பெரியது சிறியதைச் சுற்றுவதேன் என்னும் கேள்வி இங்கு இயல்பாகவே எழும். சூரியன் நிலைத்து நிற்க, பூமியே அதனைச் சுற்றுகின்றது என்று அரிஸ்டார்க்கஸ் கூறினார். அக்கருத்தை உரைத்த அவர் நூல் மறைந்தது. ஆர்க்கிமிடீஸ் எழுதிய குறிப்பினால் முதன்மையாக அதனை அறிகின்றோம்.

கற்றோருள்ளும் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்தால் விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். பூமி அத்துணைப் பெரிய வட்டத்திற் செல்லுமாயின் நட்சத்திரங்களும் அவ்வாறே இடம் பெயர்ந்து தோன்றவேண்டுமன்றோ? அத்தகைய பெயர்ச்சியை எவரும் கண்டதில்லை. நட்சத்திரங்கள் அளவிறந்த தொலைவில் உள்ளன என்பதே அரிஸ்டார்க்கஸின் விடை. அவ்விடையை மெய்ப்பிக்க அன்று கருவியில்லை.

1543இல் கொப்பர்னிக்கஸின் நூல் வெளிவந்து அக்கருத்து மீண்டும் உயிர்பெற்றது. 1838இல் ஜெர்மானிய வானியலறிஞர் பெசல் ஒரு நட்சத்திரத்தின் பெயர்ச்சியை அளந்து வெளியிட்டார். அது ஒரு பாகையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு!

அரிஸ்டார்க்கஸை மறுத்தோரெல்லாம் அறிவிலிகள் அல்லர். அவருள் ஆராய்ந்து மறுத்தோர் சான்று கேட்டனர். புதுக்கருத்தை உரைக்கத் தூண்டியதும் அவ்வழக்கமே. அதனை ஏற்கத் தயங்கச் செய்ததும் அவ்வழக்கமே. இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் அவரை மெய்யராக்கியதும் அதுவே.