துப்பாக்கி போய் அலை வந்தது

ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையோரம் நீளமாகக் கிடக்கிறது இந்தியன் ரிவர் காயல். அதில், செபாஸ்டியன் என்ற ஊருக்கு அருகே, அலையாத்தி மண்டிய ஒரு திட்டு: பெலிகன் தீவு. நம்மூர்ப் பெரிய கோயில் குளம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவின் தேசிய வனவிலங்குப் புகலிடங்களின் கதை இந்தத் திட்டில்தான் தொடங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே படகு வந்தால் கூடவே துப்பாக்கியும் வரும். சீமாட்டிகளின் தொப்பியில் செருகும் கொக்கிறகு தங்கத்தைவிட அதிக விலைக்குப் போன காலம். இறகுக்காகச் சுட்டவர்கள் ஒரு பக்கம். உல்லாசப் படகில் போகிற போக்கில், பொழுதுபோக்காகக் கூழைக்கடாவைச் சுட்டுத் தள்ளியவர்கள் இன்னொரு பக்கம். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்ட எஞ்சிய கடைசி இடம் இது என்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் எடுத்துச் சொன்னார்.

தீவுக்கு எதிர்க்கரையில் குடியிருந்தார் பால் குரோகல். ஜெர்மனியிலிருந்து வந்தவர், படகு கட்டுவது தொழில். சுடுகிறவர்களைக் கண்டால் தன் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு போய்ப் பறவைகளுக்கும் அவர்களுக்கும் நடுவே நிறுத்துவார், கையில் துப்பாக்கியோடு. 1903 மார்ச் 14 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தீவைக் காப்பிடமாக அறிவித்தபோது காவலர் வேலை குரோகலுக்கே வந்தது. சம்பளம் மாதம் ஒரு டாலர். அதையும் அரசு தரவில்லை. பறவை ஆர்வலர் அமைப்பு ஒன்றுதான் கொடுத்தது.

ஆணை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1918-இல், எங்கள் மீனையெல்லாம் இவை தின்றுவிடுகின்றன என்று சொல்லி, மீனவர்கள் சிலர் தீவில் இறங்கி நானூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைத் தடியால் அடித்துக் கொன்றார்கள். கூழைக்கடா தின்பதோ பெரும்பாலும் சந்தைக்குப் போகாத மீன். 1960-களில் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தைக் கட்டுமானக்காரர்களுக்கு விற்கும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்களோடு மீனவர்களும் இருந்தார்கள். ஊர் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த அடி கண்ணுக்குத் தெரியாமல் விழுந்தது. டி.டி.டி. பூச்சிமருந்து மீன் வழியாகப் பறவையின் உடலுக்குள் போய், முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. 1972-இல் அந்த மருந்துக்குத் தடை வந்தது. 2009-இல் பழுப்புக் கூழைக்கடா அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து முழுவதுமாக நீங்கியது.

இன்று செபாஸ்டியனிலிருந்து படகில் போகிறவர்களிடம் இருப்பது கேமராதான். கூழைக்கடாவோடு வெள்ளைக் கொக்கும் நாரையும் ஒரே அலையாத்திக் கிளையில் இடத்துக்குச் சண்டை போடுவதைப் பார்க்கலாம். பறவை பிழைத்துவிட்டது, தேய்ந்தது தீவு. ஐந்தரை ஏக்கராக இருந்தது ஏறத்தாழ 2.2 ஏக்கராகக் குறுகிப்போனது. விரைவுப் படகுகள் கிளப்பும் அலைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. தூரத்தில் போகும் படகின் அலை ஆடி அசைந்து வந்து கரையில் மோதும், வேருக்கு அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை இழுத்துக்கொண்டு திரும்பும். நாள் முழுக்க இப்படித்தான். பறவையை நேசித்து வருகிறவரின் படகும் அலை கிளப்பாமல் இருப்பதில்லை. அதனால் ஹெலிகாப்டரிலிருந்து சிப்பி ஓடுகளைக் கொட்டி அலைத்தடுப்பு அமைத்தார்கள். கரையில் சதுப்புப் புல்லும் அலையாத்திக் கன்றும் நட்டார்கள்.

தீவில் கால் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை. சரியான விதி. கரையிலுள்ள பலகை நடைபாதையில் நாட்டின் ஒவ்வொரு புகலிடத்தின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கிறார்கள். அதன் முடிவில் நிற்கும் பார்வை மேடையிலிருந்து தீவு தெரியும். படகில்தான் போவேன் என்பவர்கள் குளிர்காலத்தில் போங்கள், நல்ல பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கைப் பலகைகளுக்கு வெகு முன்னாலேயே எஞ்சின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.