திசைமுகப்படுத்தல்: புதிய ஊழியரின் முதல் நாள்

மனிதவள முகாமைத்துவ அலகில் ஆட்சேர்ப்பு, தெரிவு, நியமனம், பயிற்சி என்பவற்றை நீங்கள் விரிவாக எழுதுகிறீர்கள். ஆனால் நியமனத்திற்கும் பயிற்சிக்கும் இடையில் வரும் திசைமுகப்படுத்தலை ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அதைப் பயிற்சியுடன் குழப்பி எழுதுவோரும் உண்டு. எனவே இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம்.

திசைமுகப்படுத்தல் என்றால் என்ன?

புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு நிறுவனத்தையும், அதன் விதிமுறைகளையும், அவரது வேலையையும், உடன் வேலை செய்வோரையும் முறைப்படி அறிமுகம் செய்து, அவரை அச்சூழலுக்குப் பழக்கப்படுத்தும் செயன்முறையே திசைமுகப்படுத்தல் ஆகும்.

பயிற்சியிலிருந்து வேறுபடுவது எவ்வாறு?

ஒரு கடையில் காசாளராகச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இயந்திரத்தை இயக்கக் கற்பிப்பது பயிற்சி. மாலையில் பணம் குறைந்தால் யாரிடம் சொல்வது, லீவு யாரிடம் கேட்பது, சாப்பாட்டு நேரம் எது என்பவற்றைச் சொல்லிக்கொடுப்பது திசைமுகப்படுத்தல். பயிற்சி திறனை வளர்க்கிறது. திசைமுகப்படுத்தல் பயத்தை நீக்குகிறது. பயத்தோடு இருப்பவருக்கு எவ்வளவு கற்பித்தாலும் மனதில் பதியாது.

ஆய்வு காட்டும் உண்மை

அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் நடந்த ஒரு பரிசோதனை இதற்குச் சிறந்த சான்றாகும். கோமர்சால், மையர்ஸ் ஆகிய இருவரும் இது பற்றி 1966 இல் எழுதினர். நுண்ணிய இலத்திரனியல் சுற்றுகளைப் பொருத்தும் வேலைக்கு வந்த புதியவர்களுக்கு, வழமையாக இரண்டு மணித்தியால விளக்கம் மட்டுமே வழங்கப்பட்டது. பழைய ஊழியர்கள் அவர்களைப் பயமுறுத்துவதும் உண்டு. மேற்பார்வையாளரிடம் சந்தேகம் கேட்கவும் அவர்கள் தயங்கினர்.

பரிசோதனைக்காகப் பத்துப் பேருக்கு முதல் நாள் முழுவதும் திசைமுகப்படுத்தலுக்கே ஒதுக்கப்பட்டது. அவர்களுக்கு நான்கு விடயங்கள் கூறப்பட்டன:

1. இவ்வேலையில் நீங்கள் வெற்றி பெறும் வாய்ப்பு மிக அதிகம்.
2. பயமுறுத்தும் வீண் கதைகளைப் பொருட்படுத்த வேண்டாம்.
3. தெரியாததை நீங்களாகவே முன்வந்து கேளுங்கள்.
4. உங்கள் மேற்பார்வையாளரை அறிந்துகொள்ளுங்கள்.

இம்முறையின் பயனாகப் பயிற்சிக் காலம் பாதியாகக் குறைந்தது. பயிற்சிச் செலவு முன்னையதில் மூன்றில் ஒரு பங்காகியது. வேலைக்கு வராமையும் பிந்தி வருதலும் பாதியாகின. கழிவு ஐந்தில் ஒரு பங்காகியது. ஒரு நாளைச் செலவிட்டதால் நிறுவனத்திற்கு நட்டமில்லை, இலாபமே ஏற்பட்டது.

இலங்கை நிறுவனமொன்றில் இடம்பெற வேண்டியவை

• நியமனக் கடிதத்திலுள்ள பதவி, சம்பளம், தகுதிகாண் காலம் என்பவற்றை விளக்குதல்.
• ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதமும் செலுத்துவதைக் கூறுதல். தகுதிகாண் காலத்திலும் இவ்வுரிமை உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.
• வேலை நேரம், லீவு, பாதுகாப்பு விதிகளை அறிவித்தல்.
• வேலைத்தலத்தைச் சுற்றிக்காட்டி, சக ஊழியர்களை அறிமுகம் செய்தல்.
• உதவிக்கு அனுபவமுள்ள ஒருவரை நியமித்தல்.
• சில வாரங்களின் பின் அவரது குறைநிறைகளைக் கேட்டறிதல்.

இவை யாவற்றையும் ஒரே நாளில் திணித்தல் கூடாது. தேவைக்கேற்பப் பகுதி பகுதியாக வழங்க வேண்டும்.

பரீட்சைக் குறிப்பு

“திசைமுகப்படுத்தலின் முக்கியத்துவத்தை விளக்குக” என வினவப்பட்டால் தலைப்புகளை மட்டும் அடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் விளைவையும் எழுதுங்கள். உதாரணம்: புதியவரின் பயம் குறைவதால் அவர் சந்தேகங்களைத் தயங்காமல் கேட்பார். ஆகவே பிழைகளும் கழிவும் குறையும்.

மாணவர்களே, இன்னும் சில காலத்தில் நீங்களும் ஏதோவொரு வாசலில் புதியவராக நிற்பீர்கள். அன்று தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பின்னொரு நாள் உங்களிடம் ஒரு புதியவர் வந்து நின்றால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். திசைமுகப்படுத்தல் அங்கிருந்தே தொடங்குகிறது.