துருதுருப்புக்கு இனம் உண்டா?

'ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்', 'சொன்னது காதில் ஏறுவதே இல்லை', 'பென்சில் பாக்ஸை வாரத்துக்கு ஒன்று தொலைக்கிறாள்' என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகும் பெற்றோர், ஏ.டி.எச்.டி. என்ற நான்கு எழுத்துகளோடு திரும்புகிறார்கள். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த இந்தக் கோளாறு பரம்பரையாக வருவது என்று கேள்விப்பட்டதும் அடுத்த கேள்வி பிறக்கிறது: அப்படியானால் இது எந்த இனத்துக்கு அதிகம்?

இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வருவதுதானே?

இல்லை. பிரேசில் மருத்துவர் கில்ஹெர்மே போலன்சிக்கும் அவருடைய குழுவினரும் உலகெங்கும் நடந்த 102 ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளின் பங்கு சராசரியாக 5.29 சதவீதம். நாட்டுக்கு நாடு எண்கள் ஏறி இறங்கினாலும், அதற்குப் பெருமளவு காரணம் அளந்த விதம்தான். எந்த வரையறையை எடுத்தார்கள், பெற்றோரைக் கேட்டார்களா ஆசிரியரைக் கேட்டார்களா, பிள்ளையின் அன்றாட வாழ்க்கை உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்களா என்பதைப் பொறுத்து எண் மாறியது. 2014-இல் அதே குழு மறுபடி கணக்கிட்டபோது, எந்தக் கண்டம் என்பதால் வேறுபாடு வருவதாகத் தெரியவில்லை.

முக்கால் பங்கு மரபணுதான் காரணம் என்கிறார்களே?

இரட்டையர்களை வைத்துச் செய்த 37 ஆய்வுகளின் சராசரி 74 சதவீதம். இந்த எண்ணைப் போல் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகனுடைய துருதுருப்பில் 74 பங்கு மரபணு, 26 பங்கு வளர்ப்பு என்று இதற்குப் பொருள் அல்ல. ஒரு கூட்டத்துக்குள் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதே இந்தக் கணக்கு.

இதை வைத்து இரண்டு கூட்டங்களை ஒப்பிட முடியாது. அமெரிக்க மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவான்டின் விதைகளை வைத்து இதை விளக்கினார். நம் வயலுக்கு மாற்றிச் சொல்கிறேன். பல ரக நெல் கலந்த ஒரே மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, ஒன்றை வண்டல் மண்ணிலும் மற்றதை உவர் மண்ணிலும் விதைக்கிறோம். ஒவ்வொரு வயலுக்குள்ளும் பயிருக்குப் பயிர் உயரம் மாறுவதற்கு விதை காரணம். இரண்டு வயல்களுக்கும் இடையிலான உயர வேறுபாட்டுக்கோ மண் மட்டுமே காரணம். மூட்டை ஒன்றுதானே.

ஆனால் சில இனங்களில் 'துருதுரு மரபணு' அதிகம் என்று படித்தேனே?

படித்தது முழுப் பொய் அல்ல. அதனால்தான் இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். டி.ஆர்.டி.4 என்பது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஓர் ஏற்பியின் மரபணு. அதில் 48 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலானோருக்கு 4 முறை, சிலருக்கு 2 முறை, சிலருக்கு 7 முறை. 7 முறை வரும் வடிவம் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் சற்று அதிகமாக இருப்பதாக 1996-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. அதே ஆண்டு இந்த வடிவங்களின் உலகப் பரவலைக் காட்டும் ஆய்வும் வெளிவந்தது. அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளிடம் 7 முறை வடிவம் சராசரியாக 48.3 சதவீதம். கிழக்கு ஆசியாவிலும் தெற்கு ஆசியாவிலும் வெறும் 1.9 சதவீதம்.

இந்த ஒரு மரபணுதான் துருதுருப்பைத் தீர்மானிக்கிறது என்றால், அமேசான் காட்டு ஊர்களில் பாதிப் பிள்ளைகள் உட்காரவே முடியாமல் திரிய வேண்டும். சீனாவிலும் நம் ஊரிலும் இந்தக் கோளாறே இருக்கக் கூடாது. இரண்டும் நடக்கவில்லை. அந்த வடிவத்தைச் சுமக்கும் பெரும்பாலானோருக்கு எந்தக் கோளாறும் கிடையாது.

கென்யாவின் வடக்கே ஆரியால் என்ற மேய்ச்சல் மக்கள் இருக்கிறார்கள். ஒரு பகுதியினர் இன்றும் ஒட்டகம், ஆடு மாடுகளோடு நாடோடிகளாகவே வாழ, இன்னொரு பகுதியினர் ஊரில் நிலைத்துவிட்டார்கள். டான் ஐசன்பெர்க் குழுவினர் ஏறத்தாழ 150 ஆண்களைப் பரிசோதித்து 2008-இல் எழுதினார்கள். நாடோடிகளில் 7 முறை வடிவம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட உடல் தேறியிருந்தார்கள். ஊரில் நிலைத்தவர்களில் அதே வடிவம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட மெலிந்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதன்மேல் கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் ஒரே குடி, ஒரே மரபணு, வாழ்க்கை மட்டும் வேறு. 'கெட்ட மரபணு' என்று பேசுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆரியால் கதையைத்தான்.

அப்படியென்றால் உண்மையில் எத்தனை மரபணுக்கள்?

ஏராளம். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. டென்மார்க்கின் டிட்டே டெமோன்டிஸ் தலைமையில் 2023-இல் வெளியான ஆய்வு, கோளாறு உள்ள 38,691 பேரையும் இல்லாத 186,843 பேரையும் ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் 27 இடங்களைக் கண்டது. அதற்கு முந்தைய பெரிய ஆய்வில் கிடைத்தவை 12 இடங்களே.

ஆனால் அத்தனை பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்தக் கோளாறில் மட்டும் அல்ல, 2019 நிலவரப்படி இத்தகைய மரபணு ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் பங்கேற்றோரில் 79 சதவீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். உலக மக்கள்தொகையில் அவர்கள் 16 சதவீதம்தான். எனக்கு இது வருத்தமான விஷயம். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்ட மரபணுக் குறியீடுகளைக் கூட்டித் தயாரிக்கும் 'அபாய மதிப்பெண்' ஆசியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் சரியாகப் பொருந்துவதில்லை. வேறொருவர் அளவுக்குத் தைத்த சட்டை அது.

ஏதோ ஒரு தனிச் சமூகத்தில் இந்தக் கோளாறின் மரபணுவைக் கண்டுபிடித்தார்களாமே?

கொலம்பியாவின் அந்தியோகியா மலைப் பகுதியில் வாழும் பைசா மக்களைச் சொல்கிறீர்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள், தமக்குள்ளேயே பெருகியவர்கள். பல தலைமுறைக் குடும்ப மரத்தை அங்கே தெளிவாக வரைய முடிந்ததால் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். நான்காம் குரோமோசோமில் இருக்கும் லாட்ரோபிலின் 3 என்ற மரபணுவில் தடயம் கிடைத்தது. 2010-இல் அதே தடயத்தை அமெரிக்கா, ஜெர்மனி, நார்வே, ஸ்பெயின் மக்களிடமும் கண்டார்கள். பைசா மக்களிடம் கண்டெடுத்தார்கள் என்பதால் அது அவர்களுக்கு மட்டும் சொந்தமான மரபணு ஆகிவிடாது.

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளிடம் குறைவு என்கிறார்களே?

நோய் குறைவு அல்ல, அதைக் கண்டறிவதுதான் குறைவாக இருந்தது. மழலை வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், நடத்தை, படிப்பு, குடும்ப நிலை முதலியவற்றைச் சரிக்கட்டிப் பார்த்த பிறகும், வெள்ளையினப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது கறுப்பினப் பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு கண்டறியப்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே நடத்தை ஒரு பிள்ளையிடம் கோளாறாகவும் இன்னொரு பிள்ளையிடம் அடங்காமையாகவும் பார்க்கப்படுகிறது. முதல் பிள்ளைக்குச் சிகிச்சை, இரண்டாவது பிள்ளைக்குத் தண்டனை.

எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா?

ஏ.டி.எச்.டி. உண்டா இல்லையா என்று சொல்லும் மரபணுச் சோதனை எதுவும் இன்று இல்லை. அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். குழந்தை மனநல மருத்துவரோ, வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் குழந்தை மருத்துவரோ, பேசியும் கவனித்தும்தான் முடிவுக்கு வருவார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, ஆறு மாதமாவது நீடிக்கின்றனவா, வீட்டில் மட்டுமா பள்ளியிலுமா என்று கேட்பார். போகும்போது வகுப்பாசிரியர் எழுதித் தந்த குறிப்பைக் கையோடு கொண்டு போங்கள். முடிந்தால் அப்பாவும் உடன் போகட்டும். மருத்துவர் கேட்கும் கேள்விகளைக் காதில் வாங்கும்போது, 'சின்ன வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன்' என்று அவருக்குத் தோன்றலாம்.