நாள்கணக்கு அன்று, மலத்தின் தன்மையே முக்கியம்

“குழந்தை நான்கு நாள்களாக மலம் கழிக்கவில்லை” என்ற கவலையோடு புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத் தாய்மார்கள் பலர் எம்மிடம் வருகின்றனர். தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தை, 6 வாரங்களுக்குப் பின் ஒரு வாரம்வரைகூட மலம் கழிக்காதிருக்கலாம். மலம் இளகியிருந்து, எடையும் சீராகக் கூடினால் அது மலச்சிக்கல் அன்று.

ஆட்டுப் புழுக்கைபோல் இறுகிய மலம், கழிக்கையில் வலியால் அழுதல், மலத்தின்மேல் இரத்தக் கோடு ஆகியவையே மலச்சிக்கலின் அடையாளங்கள். நடை பழகிய குழந்தை கால்களைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்பது, பெரும்பாலும் வலிக்கு அஞ்சி மலத்தை அடக்குவதற்கே. உள்ளாடையில் நீர்போல் கசிவது எப்போதும் வயிற்றுப்போக்கு அன்று. உள்ளே தேங்கிய கட்டி மலத்தைச் சுற்றி வழிவதாகவும் இருக்கலாம்.

நோயைக் கண்டறியப் பெரும்பாலும் நீங்கள் கூறும் விவரங்களும் உடல் பரிசோதனையுமே போதும், எக்ஸ்ரே தேவைப்படுவதில்லை. பிறந்து 48 மணி நேரமாகியும் முதல் கருமலம் கழியாதிருந்ததெனில் தவறாமல் தெரிவியுங்கள். அது குடல் நரம்புக் குறைபாட்டின் அறிகுறியாகலாம். வயிற்று உப்புசமோ பச்சை நிற வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு ஆகியவற்றை ஆசனவாயில் வைக்காதீர்கள். அவற்றால் புண் உண்டாகலாம். வலித்தால் குழந்தை மலத்தை மேலும் அடக்கும்.