போலிக் கடிகாரத்தைத் திறந்து பார்ப்போம்



தீபாவளி முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஒரு மாலை வேளையில் நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால், பளபளவென்று ஒரு கைக்கடிகாரம். முகப்பில் ரோலெக்ஸ் என்ற பெயர். அதற்கு மேலே ஒரு கிரீடம். தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குப் போடுவதற்காக, கோலாலம்பூரில் ஒரு தெருவோரக் கடையில் 350 வெள்ளி கொடுத்து வாங்கினாராம்.

"கடைக்காரன் அசல்னுதான் சொன்னான் வாத்தியாரே. பழைய சரக்கு, அதான் விலை கம்மின்னான். இருபது நாள்ல நின்னு போச்சு. மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லல. மகதான் கொண்டாந்து குடுத்துச்சு. நான் ஏமாந்துட்டேனா?"

அசல் ரோலெக்ஸ் கடிகாரத்தின் விலை பல்லாயிரம் வெள்ளி. அது அவருக்கும் உள்ளூரத் தெரிந்துதான் இருக்க வேண்டும். ஆனாலும் ஒரு தகப்பன், தன் மகளுக்காகக் கொஞ்சம் நம்ப விரும்பிவிட்டார். உடனே பதில் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. "திறந்து பார்த்துச் சொல்கிறேன் அண்ணே" என்று வாங்கி வைத்துக்கொண்டோம்.

கடிகாரம் பழுது பார்ப்பது நமக்குத் தொழில் அன்று, பொழுதுபோக்கு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் நின்றுபோன ஒரு கடிகாரத்தைக் கழற்றி, திரும்பப் பூட்டிய பிறகு மூன்று திருகாணிகள் மேசையில் மிஞ்சிய நாளில் தொடங்கியது. அந்தக் கடிகாரம் பிறகு ஓடவே இல்லை.

பெரியவரின் கடிகாரத்தின் பின்மூடியைத் திருகி எடுத்தோம். உள்ளே என்ன இருந்தது? தகரமும் பஞ்சும் இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. உண்மையான இயந்திரம் ஒன்று இருந்தது. சீனாவில் செய்தது, ஜப்பானின் மியோட்டா 8215 என்ற இயந்திரத்தின் அமைப்பைப் பின்பற்றியது. கையசைவில் சுழன்று தானே சாவி ஏற்றிக்கொள்ளும் அரைவட்ட எடையும் அதில் இருந்தது. சீனக் கடிகாரம் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தியன்ஜின் நகரத்தில் 1955-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டவர் தங்கள் முதல் கைக்கடிகாரத்தைச் செய்துவிட்டார்கள். அந்தத் தொழில் அவர்களுக்குத் தெரிந்த தொழில்தான்.

இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒரு சிறு உருளைக்குள் எஃகு நாடா ஒன்று சுருண்டிருக்கிறது. நாம் சாவி கொடுக்கும்போது அது இறுகுகிறது. இறுகியது விரியப் பார்க்கிறது. விரியும் விசை பல்சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுகிறது. தடையில்லாமல் விட்டால் அந்தச் சுருள் சில விநாடிகளிலேயே முழுதும் விரிந்து முடிந்துவிடும். ஆகவே கடைசிச் சக்கரத்தின் முன்னே, நங்கூரம் போன்ற ஒரு சிறு கவை காவல் நிற்கிறது. ஒரு பல்லை விடும். அடுத்த பல்லைப் பிடிக்கும். எப்போது விடுவது என்று அதற்குச் சொல்வது, மயிரிழை போன்ற சுருளோடு இப்படியும் அப்படியும் ஆடுகிற சமன்சக்கரம். நம் காதில் விழும் டிக் டிக் ஓசை, இந்தக் கவையும் சக்கரமும் முட்டிக்கொள்ளும் ஓசையே.

இந்த வகை இயந்திரத்தில் அந்த அடி விநாடிக்கு 6 முறை விழுகிறது. மணிக்கு 21,600. ஒரு நாளைக்கு 5,18,400. உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை அடிகளைத் தாங்கும் அச்சுகள் தேயாமல் இருக்கவே, அவை சுழலும் இடங்களில் செயற்கை மாணிக்கக் கற்களைப் பதிக்கிறார்கள். 17 கல், 21 கல் என்று கடிகாரத்தில் எழுதியிருப்பது இதைத்தான். கல் என்றதும் அடகு வைக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம்! செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெர்னேய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1902-இல் வெளியிட்டதிலிருந்து அது மலிவான பொருள்தான்.

சரி, இத்தனையும் இருந்தும் கடிகாரம் ஏன் நின்றது? உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தோம். ஒரு சக்கரத்தின் பல்லிடுக்கில் ஊசிமுனை அளவில் ஓர் உலோகத் துகள். தொழிற்சாலையில் துடைக்காமல் விட்டது. அதோடு, பின்மூடியின் கீழ் இருக்க வேண்டிய இரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. அந்த வழியே வியர்வை புகுந்து, சாவிக் குமிழின் தண்டில் துரு ஏறியிருந்தது. முகப்பிலோ, 1,000 அடி, 300 மீட்டர் ஆழத்துக்கு நீர் புகாது என்று அச்சிட்டிருந்தார்கள்! அந்த 300 மீட்டரும், மேலே இருந்த பெயரைப்போல வெறும் அச்சு மைதான். போலிக் கடிகாரம் கட்டியிருப்பவர்கள் கை கழுவும்போதுகூடக் கழற்றி வைப்பது நல்லது.

இரண்டு மாலைப் பொழுதுகள் அதனோடு உட்கார்ந்தோம். முதலில் சுருளின் இறுக்கத்தை மெல்லத் தளர்த்திவிட வேண்டும். இதை மறந்து நங்கூரக் கவையைக் கழற்றினால், சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல் சுழன்று பல்லோ அச்சோ முறியும். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே முட்டைத் தட்டின் குழிகளில் வைத்தோம். ஒவ்வொரு படியிலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். கழுவுவதற்கு வெண்பெட்ரோல். எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் இந்த வேலையை வெளி வராந்தாவில்தான் செய்வோம். பிறகு கடிகார எண்ணெய், ஊசி முனையில் தொட்டு, வேண்டிய இடத்தில் மட்டும். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறார்கள் சிலர். அது நாளடைவில் பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெயோ ஓரிடத்தில் நில்லாமல் பரவும். மயிரிழைச் சுருளில் ஒரு துளி பட்டால் அதன் வளையங்கள் ஒட்டிக்கொண்டு, கடிகாரம் தலைதெறிக்க ஓடத் தொடங்கும்.

மீண்டும் பூட்டியதும் சமன்சக்கரம் மூச்சு விட்டாற்போல் ஆடத் தொடங்கியது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடி நமக்கு அலுப்பதில்லை.

பெரியவரை அழைத்து உள்ளதைச் சொன்னோம். "பேரு பொய் அண்ணே. மிஷின் பொய்யில்லை. ஒழுங்காப் பார்த்துக்கிட்டா பல வருஷம் ஓடும்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பேரை எடுத்துட முடியுமா?" என்றார்.

நாம் எதிர்பாராத கேள்வி அது. முடியும் என்றோம். பெயரில்லாத வெறும் முகப்புகள் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆனால் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தா. முகப்பின் அடியில் இரண்டு சிறு கால்கள் உண்டு. அவை இயந்திரத்தின் துளைகளில் சரியாக இறங்க வேண்டும். முட்களின் துளை அளவும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். 40 வெள்ளியில் வெள்ளை முகப்பு ஒன்று வரவழைத்தோம். கிரீடம் பொறித்த சாவிக் குமிழை மாற்றினோம். பின்மூடியில் இருந்த எழுத்துகளை நீர்த்தாள் கொண்டு தேய்த்து எடுத்தோம். முகப்பைப் பூட்டும்போது ஒரு விரல்ரேகை பதிந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் இன்னும் தெரியும்.

இந்தப் பொழுதுபோக்கில் வேறொரு வழியும் உண்டு. போலியை இன்னும் அசலைப்போல் ஆக்குவதற்கே பணத்தையும் இரவுகளையும் செலவிடும் அன்பர்கள் இருக்கிறார்கள். நல்ல கண்ணாடி, திருத்தமான எழுத்து, சரியான நிறம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். அவர்களுடைய கைத்திறனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கடிகாரம் நாளை கைமாறும்போது, இன்னொரு பெரியவர் அல்லவா அதை நம்பி வாங்குவார்? நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டமும், 2019-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டமும் போலிக் குறியிட்ட பொருளை விற்பதைக் குற்றமாக வைத்திருக்கின்றன. பழுது பார்த்த போலியை நண்பருக்கு விற்றாலும் விற்பனை விற்பனையே.

கடையில் எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பீர்கள். கனமாக இருக்கிறது என்பது சான்றாகாது. எஃகு எல்லாருக்கும் கிடைக்கும். விநாடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது என்பதும் சான்றாகாது. நம் பெரியவரின் கடிகாரமே அப்படித்தான் போயிற்று. முகப்பில் சிறு வட்டங்கள் இருந்து அவற்றின் முட்கள் எதற்கும் அசையாவிட்டால் ஐயப்படலாம். மற்றபடி, விலையே பெரிய சாட்சி.

வீட்டில் இந்த வேலையைத் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு ஓரிரு எச்சரிக்கைகள். 1960-களுக்கு முற்பட்ட, இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட பழைய கடிகாரத்தைத் திறக்காதீர்கள். அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும். ஒளி மங்கிப்போனாலும் கதிர்வீச்சு மங்குவதில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், அந்தப் பூச்சைத் தீட்டிய பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அழுகி மாண்டார்கள். உயிரோடு இருந்த ஐவர் தொடுத்த வழக்கு 1928-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது.

மற்றொன்று பொத்தான் மின்கலம். குழந்தை அதை விழுங்கினால், தொண்டைக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும். பொறுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாற்றிய பழைய மின்கலத்தை அலமாரி மேல் போட்டு வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று: சாவி கொடுக்கும் கடிகாரத்தை இந்த வானொலிப் பெட்டியின் மேல் வைக்காதீர்கள். ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது. காந்தம் ஏறிய கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்திக்கொண்டு ஓடக்கூடும்.

பெரியவரின் மாப்பிள்ளை இப்போது அந்த வெள்ளை முகப்புக் கடிகாரத்தைத்தான் கட்டுகிறார். சென்ற வாரம் நம்மைக் கடைத்தெருவில் பார்த்து, "சார், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு விநாடி முந்துது" என்றார். 86,400 விநாடியில் பன்னிரண்டு! இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.