ஹாரிஸ், பாரி, கோபாலன்: ஒரு குடும்பப்பெயர் உறைந்துபோகும் கதை

எங்கள் மான்மவுத் ஜங்ஷன் பக்கத்தில் எந்தத் தமிழ்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும், 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் அப்பாக்களின் பெயர்கள். கொஞ்சம் தாத்தாக்களின் பெயர்களும் உண்டு. செந்தில்குமார், முருகேசன், ராமசாமி. அமெரிக்கப் பள்ளியில் 'உங்கள் குடும்பப்பெயர் என்ன?' என்று கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் இதைத்தான் சொல்கிறார்கள். முருகேசன் என்பது ஒரு குடும்பத்தின் பெயரே இல்லை, ஊரில் தோளில் துண்டோடு நடமாடும் ஒரு தனி மனிதரின் பெயர் என்று அந்த ஆசிரியைக்கு யார் விளக்குவது?

ஆனால் ஆங்கிலேயர்களின் குடும்பப்பெயர்களும் இப்படித்தான் பிறந்தன. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: ஹாரிஸ். கமலா ஹாரிஸ் துணை அதிபராகப் பதவியேற்றபோதும், பிறகு அதிபர் தேர்தலில் நின்றபோதும், திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் கோயிலில் பூசை நடந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 'கமலா நம்ம பேரு, ஹாரிஸ் எங்கிருந்து வந்தது?' என்று ஊரிலிருந்து பெரியவர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். 'அவங்க அப்பா ஜமைக்காக்காரர்' என்று சொல்லி முடித்துக்கொண்டோம். அது பாதி பதில்தான்.

மீதிப் பதிலின் ஒரு நுனி எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. மான்மவுத் என்பது வேல்ஸ் நாட்டின் எல்லையிலுள்ள ஒரு சிற்றூர். மன்னோ என்ற ஆறு வை ஆற்றோடு கலக்கும் முகத்துவாரம் என்பதால் அந்தப் பெயர். அங்கிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து ஒரு கவுண்டியின் பெயரானது. அந்தக் கவுண்டியை நோக்கிப் பிரிந்த ரயில் பாதையால் எங்கள் ஊர் 'மான்மவுத் ஜங்ஷன்' ஆனது. (ஊர் இருப்பது மிடில்செக்ஸ் கவுண்டியில். ஜங்ஷன் என்று பெயர் இருந்தும் ரயில் நிற்பதில்லை, பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ஓட வேண்டும். அது வேறு புலம்பல்.) வேல்ஸின் மான்மவுத் கோட்டையில், 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி மன்னன் ஆனது அந்தக் குழந்தைதான். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் அவனை ஹாரி என்றே அழைப்பார்கள்.

ஹென்றி பழைய ஜெர்மானியப் பெயர். 'வீடு', 'ஆள்பவன்' என்ற இரண்டு சொற்கள் அதில் இருக்கின்றன. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பரவியது. பிரெஞ்சுக்காரர்கள் அதை மூக்கால் உச்சரித்ததை ஆங்கிலேயர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'ஹாரி' ஆக்கிக்கொண்டார்கள். ஹாரியின் மகன் வடக்கே ஹாரிசன் ஆனான். தெற்கிலும் நடுப்பகுதியிலும் 'ஹாரியுடைய' என்ற பொருளில் ஹாரிஸ் ஆனான். முதலில் இது நம் இனிஷியல் மாதிரிதான். ஹாரியின் மகன் ஜான் என்றால் ஜான் ஹாரிஸ். ஜானின் மகன் வில்லியம் என்றால் வில்லியம் ஜான்சன். தலைமுறைக்குத் தலைமுறை மாறியது.

மாறுவதை நிறுத்தியது நிலமும் வரியும். சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்போது பெயரும் கூடவே போனால் வழக்கு மன்றத்தில் வசதி. 1377, 1379, 1381 என மூன்று முறை தலைவரி போட்ட அரசுக்கு யார் யார் என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1400-க்குள் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களில் பெயர் உறைந்துவிட்டது. உறைந்த கணத்தில் எந்த அப்பா பிடியில் இருந்தாரோ அவர் பெயர் நிலைத்தது. அவருக்கு முந்தையவர்கள் மறைந்தார்கள்.

வேல்ஸ்காரர்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அவர்கள் 'மகன்' என்பதற்கு 'ஆப்' என்பார்கள். ஹாரியின் மகன் 'ஆப் ஹாரி'. எல்லையைத் தாண்டி ஆங்கிலேயர் ஆட்சி இறுகியபோது, குறிப்பாக 1536-க்குப் பிறகு வேல்ஸ் ஆங்கிலச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டபோது, ஆங்கிலேய எழுத்தர்கள் கேட்டபடி எழுதினார்கள். ஆப் ஹாரி சுருங்கி 'பாரி' ஆனது. ஆப் ரீஸ் என்பவர் பிரைஸ் ஆனார், ஆப் ஹவெல் என்பவர் பவல் ஆனார். ஆம், அதே பாரிதான். வெல்ஷ்பூல் பக்கத்தில் பிறந்து 1788-இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரைத்தான் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நாம் பேருந்து மாறிய பாரிமுனை தாங்கி நிற்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹாரிஸும் பாரியும் ஒரே சொல்லின் இரண்டு முகங்கள். கமலாவின் தாத்தா பி. வி. கோபாலன் ஓய்வுக்குப் பின் வாழ்ந்த அதே சென்னையில், பேரப்பிள்ளையின் குடும்பப்பெயர் ஒரு முனையின் பெயராகப் பல காலமாக இருந்து வந்திருக்கிறது!

சரி, இந்தப் பெயருக்குள் ரத்தம் எவ்வளவு? ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகிறது. ஆங்கிலக் குடும்பப்பெயரும் அதே வழியில் போகிறது. அப்படியானால் ஒரே பெயர் கொண்ட ஆண்களுக்கு ஒரே ஒய் குரோமோசோம் இருக்க வேண்டுமே? ஆக்ஸ்ஃபோர்டின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே வைத்து இதைச் சோதித்தார். சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களின் மாதிரிகளை ஒப்பிட்டு 2000-இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் 21 பேரிடம் ஒரே வகை இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவு. எழுநூறு ஆண்டுகளில் தத்து, மறுமணம், தாயின் பெயரை எடுத்துக்கொண்டது, வெளியே சொல்லாத உறவுகள் எல்லாம் நடந்திருக்கும். அப்படியும் பாதி மிஞ்சியது பெரிய விஷயம்தான்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் துரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 2009-இல் 40 குடும்பப்பெயர்களை எடுத்துப் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஒரே வகை. ஸ்மித் போன்ற பொதுப் பெயரிலோ, தெருவில் போகிற இருவரைப் பிடித்து ஒப்பிட்டால் கிடைப்பதற்கு மேல் ஒன்றுமில்லை. காரணம் எளிது. அட்டன்பரோ ஓரிரு குடும்பங்களில் தொடங்கியது, ஸ்மித்தோ ஊருக்கு ஊர் இருந்த ஒவ்வொரு கொல்லரிடமிருந்தும். ஹாரிஸ் இந்த இரண்டாம் வகை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஹாரி இருந்தான். ஆகவே இரண்டு ஹாரிஸ்கள் சந்தித்துக்கொண்டால் உறவு என்று நினைக்க வேண்டியதில்லை, இரண்டு சுப்ரமணியன்கள் உறவு இல்லை என்பதைப் போல.

அதே லெஸ்டர் குழு 2007-இல் கண்டது இன்னும் சுவையானது. யார்க்ஷயரின் அரிய குடும்பப்பெயர் ஒன்று. வெள்ளைக்கார ஆண்கள் 18 பேரைச் சோதித்தார்கள். 7 பேரிடம் அதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் மட்டுமே காணப்பட்ட ஒய் குரோமோசோம் வகை இருந்தது. எந்தக் காலத்திலோ இங்கிலாந்து வந்த ஓர் ஆப்பிரிக்கரின் வழியினர் அசல் யார்க்ஷயர்ப் பெயரோடு, தெரியாமலே வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

இதன் மறுபக்கம் கரீபியனிலும் அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே நடந்தது கொடுமை. ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்துவரப்பட்டவர்களின் பெயர்கள் பறிக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் பலர் ஆங்கிலப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள், சிலர் முதலாளியின் பெயரையே. 2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் அதிகமான ஹாரிஸ்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் கறுப்பினத்தவர். கமலாவின் தந்தை டொனால்ட் ஹாரிஸ், தன் தந்தைவழிப் பாட்டி ஜமைக்காவில் அடிமைகளை வைத்திருந்த ஹாமில்டன் பிரவுன் என்பவரின் வழித்தோன்றல் என்று எழுதியிருக்கிறார். கவனியுங்கள்: அந்தத் தொடர்பு வந்தது பாட்டி வழியில், பிரவுன் என்ற பெயரில். ஹாரிஸ் என்ற பெயரில் அதன் சுவடே இல்லை. ஒருவருக்கு நான்கு தாத்தா பாட்டிகள். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1024 இடங்கள். குடும்பப்பெயர் அந்த 1024-இல் ஒன்றை மட்டும் காட்டும் விரல்.

கமலாவின் தாய் சியாமளா கோபாலன் 1958-இல் பெர்க்லிக்குப் படிக்க வந்தார். சென்னையில் இருந்திருந்தால் ஜி. சியாமளா என்று எழுதியிருப்பார். இங்கே அப்பாவின் பெயர் குடும்பப்பெயரின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நம் எல்லோருக்கும் நடந்தது அதுதான். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சாதிப் பட்டங்களை உதறுவதென்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அடுத்து வந்த தலைமுறைகளில் பெருவாரியான குடும்பங்களில் பட்டம் போய் ஒற்றை எழுத்து மட்டும் மிஞ்சியது. நாம் பெருமைப்படலாம். பெயரைக் கேட்டு சாதியைக் கண்டுபிடிக்க முடியாத ஏற்பாடு உலகில் எளிதில் கிடைப்பதில்லை. அந்த ஏற்பாட்டோடு அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனோம். கடவுச்சீட்டில் இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தவர்களுக்கு விசாவில் 'எஃப்என்யூ' என்று முதல் பெயர் வந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். ஓட்டுநர் உரிமத்திலும் அதே பெயரோடு அலைந்தவர்கள் நம்மில் உண்டு. ஆப் ஹாரியைப் பாரி ஆக்கிய எழுத்தருக்கும் இந்தக் கணினிக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

நமக்கு முன்பே உறைந்தவர்களும் இருக்கிறார்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்காக நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று முன்சாமி, கோவிந்தசாமி என்று குடும்பப்பெயர் போடுகிறார்கள். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். சாதிப் பட்டம் கொண்டு போனவர்களுக்கு அது உறைந்தது, அப்பா பெயர் கொண்டு போனவர்களுக்கு அப்பா உறைந்தார்.

இப்போது நியூ ஜெர்சியில் பிள்ளை பெறும் நம் இளம் தம்பதியர் மருத்துவமனையில் பிறப்புப் படிவத்தின் முன் உட்காரும்போது முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முருகேசன் மகன் செந்தில் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு 'செந்தில்' என்று போட்டால் ஊர் வழக்கம் காப்பாற்றப்படும், ஆனால் ஒரே வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வேறு வேறு குடும்பப்பெயர். விமான நிலையத்திலும் பள்ளியிலும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 'முருகேசன்' என்று போட்டால் தாத்தா உறைந்துவிடுவார். நூறாண்டு கழித்து டெக்சாஸில் ஒரு முருகேசன் தன் பெயரின் பொருளைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டிலும் அம்மாவின் பக்கம் காணாமல் போகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலும் அவர் பெயரே அதற்குள் கணவரின் பெயரோடு மாறியிருக்கும்.

ஊரில் தந்தைவழித் தொடர்ச்சியைச் சுமந்தது பெயர் அல்ல, குலதெய்வம். 'உங்களுக்கு எந்தக் கோயில்?' என்ற கேள்விதான் நம்முடைய குடும்பப்பெயர். அதைப் படிவத்தில் எழுத இடமில்லை. மரபணுச் சோதனைக் கருவியை வாங்கி எச்சில் துப்பி அனுப்பினாலும், 'தென்னிந்தியா' என்று வருமே தவிர அய்யனாரா அங்காளம்மனா என்று வராது. தாத்தாவின் அப்பா பெயர், பாட்டி பிறந்த ஊர், கோயில் இருக்கும் இடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைப்பதற்கு அந்தக் கருவியின் விலையில் நூற்றில் ஒரு பங்கு கூட ஆகாது. கேட்கத்தான் ஆள் இருக்க வேண்டும். எண்பதைத் தாண்டிய அப்பத்தாக்கள் வாட்ஸ்அப்பில் இப்போதும் கிடைக்கிறார்கள்.

பெயரைத் தந்தை வழியில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. 1995-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளையின் குடும்பப்பெயர் குறித்துச் சண்டையிட்டால் அப்பாவின் பெயருக்குத் தனி உரிமை எதுவும் கிடையாது, யார் பிள்ளையை வளர்க்கிறாரோ அவர் தேர்ந்த பெயரே பிள்ளைக்கு நல்லது என்று கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டது. சண்டை இல்லாத வீடுகளில் இன்னும் சுலபம். அம்மாவின் அப்பா பெயரை நடுப்பெயராக வைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு தென்படத் தொடங்கியிருக்கின்றன. அம்மாவின் அம்மா பெயரை வைத்தவர்கள் இன்னும் கண்ணில் படவில்லை.